என் விசுவாசம் போதாமல்தான் அப்பா இறந்தாரா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 34. பதினோரு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் குடும்பமாக உபவாசித்து ஜெபித்தோம். சுகமாவார் என்று முழுமனதோடு நம்பினேன். ஏழு மாதங்களுக்கு முன் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனை முடிந்த அன்றே எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உங்கள் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அதனால்தான் அற்புதம் தடைபட்டது" என்றார். நான் சந்தேகப்பட்டது உண்மைதான். கடைசி மாதத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்ட இரவு, "இனி அவ்வளவுதான்" என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் மனம் எங்கோ போய்விடுகிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வேஷம் போடுகிறேனோ என்று உறுத்துகிறது. என் விசுவாசம் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? என் இரட்சிப்பு போய்விட்டதா? என்னோடு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எல்லாரும் எவ்வளவோ வளர்ந்துவிட்டார்கள். நான் எப்போது தேறுவேன்? எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

— ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பெரியவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு மாதமாக அது உங்கள் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது; அதை எடுக்காமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. அவர் சொன்னது தவறு. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேதம் அப்படிச் சொல்லவில்லை.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எபேசுவில் அவருடைய சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களை வியாதிக்காரர் மேல் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல் தன் கடைசிக் கடிதத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். அதற்கு ஒரு விளக்கமும் தரவில்லை, யார் மேலும் குற்றம் சுமத்தவுமில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார், "உன் விசுவாசத்தைச் சரிபார்" என்று எழுதவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று அவரே மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா?

எபிரெயர் 11-ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்போம். 34-ஆம் வசனத்தில் சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்". மூன்று வசனம் தள்ளி, 37-இல், வேறு சிலர் "பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள்". முதல் கூட்டத்துக்கு விசுவாசம் அதிகம், இரண்டாம் கூட்டத்துக்குக் குறைவு என்று எழுதியிருக்கிறதா? இல்லை. இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்றுதான் 39-ஆம் வசனம் சொல்கிறது. உங்கள் அப்பா சுகமாகாமல் போனதை வைத்து அவருடைய விசுவாசத்தையோ உங்களுடைய விசுவாசத்தையோ எடைபோட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

அந்தப் பெரியவர் யாக்கோபு 1-ஐ மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்" என்ற வசனம் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஆனால் அங்கே யாக்கோபு வியாதி சுகமாவதைப் பற்றிப் பேசவில்லை, ஞானம் கேட்பதைப் பற்றிப் பேசுகிறார். அவர் கண்டிப்பது "இருமனமுள்ள" மனுஷனை. நான்காம் அதிகாரத்தில் அதே வார்த்தையை மறுபடி எடுத்து, யாரைச் சொல்கிறார் என்பதையும் காட்டிவிடுகிறார்: தேவனும் வேண்டும், உலகமும் வேண்டும் என்று இரண்டு படகில் கால் வைக்கிறவனை. தகப்பனின் படுக்கையருகே நடுராத்திரியில் அழுது தளர்ந்துபோன மகள் அந்த இருமனக்காரி அல்ல.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன்.

மாற்கு 9-இல் ஒரு தகப்பன் வருகிறான். சிறுவயது முதல் அவன் மகனை ஒரு ஆவி அலைக்கழிக்கிறது. தீயிலும் தண்ணீரிலும் தள்ளுகிறது. சீஷர்களிடம் கொண்டுவந்தான், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் வேதபாரகர் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரளுகிறான். இத்தனைக்கும் நடுவில் அந்த மனுஷன் இயேசுவைப் பார்த்து, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று கேட்கிறான். அந்த "கூடுமானால்" என்ற சொல்லில் பல வருடக் களைப்பு இருக்கிறது. நீங்கள் அந்த இரவில் நினைத்த "இனி அவ்வளவுதான்" என்பதும் அதே களைப்புதான். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று ஆண்டவர் சொன்னதும் அவன் உடைந்துபோய்க் கண்ணீரோடே சத்தமிட்டு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான்.

ஒரே வாக்கியத்தில் விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது. "முதலில் அவிசுவாசத்தைத் தீர்த்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறை ஜெபத்துக்கே பிள்ளையை எழுப்பிக் கொடுத்தார்.

நீங்கள் இத்தனை நாளும் ஒரு தராசைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் உங்கள் விசுவாசத்தை வைத்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கீழே வையுங்கள். கடுகுவிதையளவு விசுவாசம் போதும் என்று ஆண்டவர் சொன்னபோது, அளவு பார்க்கிற வேலையை நம் கையிலிருந்தே எடுத்துப்போட்டார். ஆற்றைக் கடக்கிறவன் பாலத்தின் மேல் நடுங்கிக்கொண்டு நடந்தாலும் அக்கரை சேருவான், நிமிர்ந்து நடந்தாலும் சேருவான். அவனைத் தாங்குவது பாலம்.

"அற்பவிசுவாசி" என்ற வார்த்தையைச் சுவிசேஷங்களில் தேடிப் பாருங்கள். அது சீஷர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை. கவலைப்பட்டவர்களிடமும், புயலில் பயந்தவர்களிடமும், அப்பம் இல்லையே என்று யோசித்தவர்களிடமும், தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடமும் சொன்னார். அவரைப் பின்பற்றாதவர்களை அவர் அப்படி அழைத்ததில்லை. பேதுருவின் காரியத்தில் வரிசையையும் கவனியுங்கள். அவன் "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டான். உடனே அவர் கையை நீட்டி அவனைப் பிடித்தார். பிடித்த பிறகுதான், "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்று கேட்டார். அவருடைய கண்டிப்பைக் கேட்கும்போதே பேதுரு அவர் கையில்தான் இருந்தான்.

உங்கள் இரட்சிப்பைப் பற்றிய கேள்விக்கும் இதுவே பதில். தன் ஆடுகளை ஒருவரும் தன் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் பிடி தளர்ந்திருக்கலாம், அவருடைய பிடி தளரவில்லை.

நீங்கள் யோவான் 11-ஐ வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததுதான் அந்த வீட்டிலும் நடந்தது. லாசரு வியாதிப்பட்டதும் சகோதரிகள் ஆள் அனுப்பினார்கள். ஆண்டவர் உடனே வரவில்லை, இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாகியிருந்தது. மார்த்தாள் எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். பிறகு மரியாளும் வந்து அவர் பாதத்தில் விழுந்து அதே வார்த்தைகளைச் சொன்னாள். அந்த நான்கு நாளும் அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அது குற்றச்சாட்டுதானே? ஏன் வரவில்லை என்று நேருக்கு நேர் கேட்கிறார்கள். இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளோடு பேசினார், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று அவளுக்குச் சொன்னார். மரியாளிடம் அப்படி ஒரு போதனையும் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து கண்ணீர் விட்டார். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான பதில். அடக்க ஆராதனை அன்று உங்களிடம் வந்தவர் உங்களோடு சேர்ந்து அழவாவது செய்திருக்கலாம்.

உங்கள் மனதிலும் அந்த வாக்கியம் இருக்கும்: "ஆண்டவரே, நீர் நினைத்திருந்தால் என் அப்பா பிழைத்திருப்பார்." அதை அவரிடமே சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. மரியாதைக்குறைவு என்று அடக்கி வைத்திருக்கிறீர்கள். முழங்கால் போட்டால் வார்த்தை வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சொல்லவேண்டியது தொண்டையில் நிற்கும்போது வேறு எதுவும் வெளியே வராது.

சங்கீதக்காரன் அப்படி அடக்கி வைக்கவில்லை. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். 88-ஆம் சங்கீதம் கூக்குரலோடு தொடங்கி இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதையும் ஜெபமாகத் தேவன் ஏற்றுக்கொண்டார். எனக்குத் தெரிந்தவரை விசுவாசத்தின் எதிரி சந்தேகம் அல்ல, தேவனிடம் பேசுவதை நிறுத்திவிடுவதுதான். "ஏன்" என்று கேட்கிற பிள்ளை இன்னும் தகப்பன் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறது.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகன் ஆறு வயதில் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அப்போது நான் ஊழியத்துக்கு வந்து எட்டு வருடம். ஊரெல்லாம் போய் வியாதியஸ்தருக்காக ஜெபித்தவன், அந்த வராந்தாவில் ஒரு ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த வேதத்தைத் திறக்கக்கூட முடியாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் எங்கள் சபையின் வயதான மூப்பர் ஒருவர் வந்தார். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கவில்லை. "விசுவாசத்தை விட்டுவிடாதீர்கள் ஐயா" என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு நீங்க ஜெபிக்க வேண்டாம் ஐயா. உங்களுக்கும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன். நீங்க சும்மா உட்காருங்க" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் சங்கீதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சாயங்காலம் விளக்குப் போடும்வரை வாசித்தார். மறுநாளும் வந்தார். ஒன்பதாம் நாள் என் மகன் போய்விட்டான். அவனை அடக்கம் செய்த பிறகு பல வாரங்கள் நானாக ஜெபித்த ஜெபம் என்று எதுவும் இல்லை. அந்த மூப்பர் வாசித்த வசனங்கள் மட்டும் காதில் இருந்தன.

திமிர்வாதக்காரனை நாலுபேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவம் உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குப் பாடமாகவே எடுத்திருப்பீர்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்துக்கிடந்தவனின் விசுவாசத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. நம் விசுவாசம் படுத்துக்கிடக்கும் காலங்களில் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் சபை இருக்கிறது. ஆகவே சபையை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வேறு வரிசையில் உட்காருங்கள், ஆனால் போங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். திருவிருந்தில் கையை நீட்டுங்கள். உங்கள் சபையில் துக்கத்தைக் கடந்துவந்த ஒரு வயதான அம்மா நிச்சயம் இருப்பார். அவரிடம் போய், "எனக்கு ஜெபிக்க முடியவில்லை, என்னோடு உட்காருவீர்களா" என்று கேளுங்கள். போதனை செய்கிறவரைத் தேடாதீர்கள், உட்காருகிறவரைத் தேடுங்கள்.

"நான் எப்போது தேறுவேன்" என்று கேட்டீர்கள். வேதம் பயன்படுத்துகிற நல்ல வார்த்தை அது. பிலிப்பியர் 3-இல் பவுல், "முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்" ஆசையாய்த் தொடருகிறேன் என்று 12-ஆம் வசனத்தில் எழுதுகிறார். அவர் அப்போது சிறையில் இருக்கிறார், ஊழியத்தில் இருபது வருடத்துக்கும் மேல் கழிந்துவிட்டது. 15-ஆம் வசனத்தில், "நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம்" என்கிறார். அதாவது, நான் இன்னும் தேறவில்லை என்று அறிந்து தொடர்ந்து ஓடுகிற சிந்தையே தேறினவர்களின் சிந்தை. உங்கள் கேள்வியைக் கேட்கிறவர்கள் அந்தப் பாதையில்தான் இருக்கிறார்கள்.

உங்களோடு ஞானஸ்நானம் எடுத்தவர்களோடு உங்களை ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். கொரிந்து சபையாருக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை என்று பவுலே சாட்சி சொன்னார். ஆனாலும் 1 கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தில் அவர்களைக் குழந்தைகள் என்கிறார். காரணம், அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும். சத்தமாய் ஜெபிப்பதும் மேடையில் சாட்சி சொல்வதும் முதிர்ச்சிக்கு அளவுகோல் அல்ல. அன்பைப் பாருங்கள், பொறுமையைப் பாருங்கள், தன்னைக் காயப்படுத்தினவனை ஒருவன் எப்படி நடத்துகிறான் என்று பாருங்கள். துக்கத்தில் இருக்கிற ஒருத்தியிடம் நாவை அடக்கத் தெரிவதும் முதிர்ச்சிதான். "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனாலும் அவனுடைய ஐயமான எண்ணங்களைக் குற்றமாய் நிர்ணயிக்காமலிருங்கள்" என்று ரோமர் 14 தொடங்குகிறது. அங்கே பேச்சு உணவையும் நாட்களையும் பற்றித்தான் என்றாலும், பலமுள்ளவர்கள் பலவீனரிடம் நடந்துகொள்ளவேண்டிய விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

வளர்ச்சிக்கு நாள் ஆகும். ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டார். 86 வயதில், தேவன் தரக் காத்திராமல் ஆகார் மூலம் இஸ்மவேலைப் பெற்றார். 99 வயதில் வாக்குத்தத்தத்தைக் கேட்டு முகங்குப்புற விழுந்து, நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ என்று சிரித்தார். நூறாம் வயதில் ஈசாக்கு பிறந்தான். இந்த மனுஷனைத்தான் ரோமர் 4, "விசுவாசத்தில் பலவீனமாயிருக்கவில்லை" என்கிறது. அந்த 25 வருடத்தில் நடுவே எந்த நாளில் அவரைப் பிடித்து அளந்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருப்போமா?

இனி, நீங்கள் செய்யவேண்டியது. அதிகம் இல்லை. அதிகம் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஜெபத்துக்குச் சொந்த வார்த்தை வரும்வரை 13-ஆம் சங்கீதத்தைத் தினமும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தம் ஆறு வசனம்தான். அதன் முடிவில் மாற்கு 9-இன் தகப்பன் சொன்ன "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். வேத வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும். மனம் ஓடினால் பயப்படாமல் அதே பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்ற வசனத்தில் கேள்வி என்பது காதால் கேட்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்று நீங்கள் அவரிடம் உண்மையாகச் சொன்ன ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "கோபமாக இருக்கிறேன்" என்றாலும் எழுதுங்கள்.

அந்தப் பெரியவரை மன்னிக்கவேண்டும். இன்றே முடியாது, எனக்குத் தெரியும். மன்னிக்க மனதைத் தாரும் என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.

தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு மாதமாகியும் பல நாள் தூங்காமலும், எதிலும் மனம் ஒட்டாமலும், சாவதே மேல் என்ற எண்ணம் வந்துகொண்டும் இருந்தால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவு எண்ணம் பலமாக இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொண்டு அன்றே போங்கள். அது அவிசுவாசம் அல்ல. எலியா சூரைச்செடியின் கீழ், "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவன் முதலில் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓய்வுநாள் பள்ளி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் உங்கள் மனசாட்சி உயிரோடு இருப்பதை இது காட்டுகிறது. மத்தேயு 28-இன் கடைசிப் பகுதியை எடுத்துப் பாருங்கள். பதினொரு சீஷர் மலையில் உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டு பணிந்துகொண்டார்கள். "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று 17-ஆம் வசனம் மறைக்காமல் சொல்கிறது. "நீங்கள் புறப்பட்டுப்போய்" என்ற கட்டளை அடுத்து வருகிறது. சந்தேகப்பட்டவர்களைத் தனியே ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அவர் அதைக் கொடுக்கவில்லை. "நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்பதும் அந்தக் கூட்டம் முழுவதற்கும்தான்.

உடம்பும் மனமும் தாங்கவில்லை என்றால், மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. தாங்கும் என்றால் தொடர்ந்து எடுங்கள். ஆனால் பிள்ளைகளிடம் நீங்கள் நம்பாத எதையும் சொல்லாதீர்கள். "நன்றாக ஜெபித்தால் எல்லாம் கிடைக்கும்" என்று பாடப்புத்தகத்தில் இருந்தால் அந்த வரியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு அந்த யோவான் 11-ஐ எடுங்கள். இயேசு அழுத இடம் வரும்போது நிறுத்தி, "டீச்சருடைய அப்பாவும் இறந்துபோனார், டீச்சரும் அழுதேன்" என்று சொல்லுங்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை வீட்டில் பெரிய துக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

கடிதத்தின் கடைசி வரியில், "எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபம் கேட்கப்படும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பாதவர் அப்படிக் கேட்கமாட்டார். இன்று காலை உங்களுக்காக ஜெபித்தேன், இந்த மாதம் முழுவதும் ஜெபிப்பேன். அந்த நோட்டில் முப்பது நாள் எழுதி முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்